அங்குலத்துக்கு ஒரு நூல்

பேனட்டைத் தூக்கினால் உள்ளே கருப்புப் பெயின்ட் அடித்த வெறும் குழி. அந்த அம்பாசடர் மாடல் என் மேசைக்கு வந்தபோது அப்படித்தான் இருந்தது. வெளிவேலையில் குறை சொல்ல இடமில்லை. ஃபைபரில் வார்த்த உடல், 54 சென்டிமீட்டர் நீளம், அசலில் எட்டில் ஒரு பங்கு. நாலு கதவும் திறக்கும், டிக்கி திறக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். செய்தவர் வெளியூர்க்காரர். இன்ஜின் வேலை தன்னால் ஆகாது என்று சொல்லி அப்படியே கொடுத்துவிட்டாராம்.

கொண்டுவந்தவர் மேட்டுப்பாளையத்துக்காரர். அவருடைய அப்பா 1971 முதல் முப்பது வருஷம் ஊட்டி மலைக்கு டாக்ஸி ஓட்டியவர். வண்டி கைமாறிப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. கல்லாறில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, பேனட்டைத் திறந்துவைத்து, மட்கார்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அப்பா நிற்கிறார்.

"வெளிய பாத்தா எல்லா அம்பாசடரும் ஒண்ணுதானுங்க. பேனட்டத் தொறந்தாத்தான் அது எங்கப்பா வண்டி. அது தெரியோணுமுங்க" என்றார்.

நான் பேட்டர்ன் வேலைக்காரன். கோவை கணபதிப் பக்கத்துப் பேட்டர்ன் கடைகளில் 28 வருஷம் இருந்தேன். பவுண்டரியில் மண்ணில் அச்சு எடுப்பதற்கு முன்னால், வரப்போகும் வார்ப்பை மரத்தில் செய்து கொடுப்பது எங்கள் தொழில். பம்ப்பின் உடல், மோட்டாரின் உடல், கியர் பெட்டி எல்லாமே முதலில் தேக்கில் உருவானவைதான். கம்ப்யூட்டரில் வரைந்து மிஷினில் வெட்டும் காலம் வந்ததும் மரவேலை குறைந்தது. கையில் இருந்த உளியும் அரமும் சும்மா கிடக்கக் கூடாது என்றுதான் மாடல் கார் வேலைக்கு வந்தேன். முதலில் கிட் கார்கள். இத்தாலியின் போச்சர் கம்பெனி 1/8 அளவில் போட்ட ரோல்ஸ் ராய்ஸும் ஆல்ஃபா ரோமியோவும், ஜப்பானின் டமியா 1/12 அளவில் போட்ட பந்தயக் கார்களும், அவற்றை வாங்கி வைத்திருந்தவர்கள் மூலம் என்னிடம் வந்தன. பெட்டியில் வரும் இன்ஜினில் ஒயர் இருக்காது, குழாய் இருக்காது. இருந்தாலும் தடிமன் தப்பாக இருக்கும். அதையெல்லாம் கையால் செய்து சேர்ப்பது என் வேலை. இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்ரோவ் என்பவர் டூசன்பெர்க் கார்களை 1/15 அளவில் கிட் எதுவும் இல்லாமல் தானே முழுதாகச் செய்தவர். அவருடைய புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் சின்ன லேத்தில் சின்னப் பொருளைப் பிடித்துக் கடைவது எப்படி என்று தெரிந்துகொண்டேன். ஆனால் இந்த அம்பாசடருக்கு உதவியாக எந்தப் பெட்டியும் இல்லை. குழியில் இருந்து தொடங்க வேண்டும்.

எட்டில் ஒன்று என்பது எனக்குக் கைவந்த கணக்கு. தச்சுவேலையில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆகவே அசலில் ஓர் அங்குலம் என்றால் மாடலில் ஒரு நூல். அம்பாசடரோ அங்குலத்தில் பிறந்த வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸை வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் எடுத்துச் செய்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 97 அங்குலம். மாடலில் 97 நூல். 1,489 சி.சி. இன்ஜினில் பிஸ்டன் ஓடும் தூரம் மூன்றரை அங்குலம். மாடலில் மூன்றரை நூல். கால்குலேட்டர் வேண்டியதில்லை. அசல் வண்டியில் டேப்பை வைத்து அங்குலத்தில் வாசிப்பேன், பெஞ்சில் அதே எண்ணை நூலில் குறிப்பேன். பேட்டர்ன் வேலையிலும் இதே நூல்தான் துணை. உருகிய இரும்பு குளிரும்போது சுருங்கும் என்பதால் வார்ப்பிரும்புக்கு அடிக்கு ஒரு நூல் கூட்டி வைப்போம். வாழ்நாள் முழுக்க இந்த ஒரு நூலைப் பார்த்துப் பார்த்தே என் கண் பழகியிருந்தது.

அளக்க ஒரு வண்டி வேண்டுமே. காரமடையில் பட்டறையை மூடிவிட்ட ஒரு பெரியவர் இருந்தார். எழுபதைத் தாண்டிய மெக்கானிக். அவர் ஷெட்டில் ஒரு மார்க் 2 அம்பாசடர் செங்கல் மேல் நின்றது. நாலு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். முதல் நாள் நான் டேப்பை எடுத்ததும், "மொதல்ல கைய உட்டுப் பாருங் தம்பி. கைக்கு எட்டாத எடம் எதுன்னு தெரிஞ்சாத்தான் வண்டி தெரியும்" என்றார். அன்றைக்கு முழுக்கக் கையை விட்டுத் தடவிப் பார்த்ததோடு சரி. அது வீண் போகவில்லை. எது எதற்கு முன்னால் இருக்கிறது, எதை மறைக்கிறது என்பதைப் போட்டோ சொல்லாது. நம்மிடம் இருக்கும் போட்டோக்கள் எல்லாம் முன்னால் நின்று எடுத்தவை. அந்த இன்ஜினில் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ எல்லாம் டிரைவர் பக்கம் இருக்கின்றன. கார்பரேட்டரும் மேனிஃபோல்டும் மறுபக்கம். மேனிஃபோல்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எந்தப் போட்டோவிலும் தெரியவில்லை. கையை விட்டால்தான் தெரிந்தது.

இன்ஜின் அறையில் இருக்கும் எந்தப் பாகமும் ஏதோ ஒரு வழியில் பிறந்தது. மண்ணில் வார்த்தது உண்டு. தகட்டை அச்சில் அழுத்தி எடுத்தது உண்டு. லேத்தில் கடைந்தது, ரப்பரிலோ பேக்லைட்டிலோ அச்சு எடுத்தது என்று இருக்கும். மாடல் செய்கிறவன் அந்தப் பிறப்பைப் பார்க்க வேண்டும். உருவம் சரியாக இருந்தாலும் எல்லாம் ஒரே பிளாஸ்டிக்கில் வழித்தது போல் இருந்தால் அது இன்ஜின் இல்லை, இன்ஜின் பொம்மை. இருபது வருஷமாக நான் மற்றவர்களுடைய வேலையைப் பார்க்கும்போதும் இதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பிளாக்கை எடுத்துக்கொள்வோம். வார்ப்பில் கூர்மையான உள்மூலை கிடையாது. அப்படி விட்டால் குளிரும்போது அங்கேதான் வெடிக்கும். அதனால் நாங்கள் பேட்டர்னின் உள்மூலைகளில் மெழுகோ பட்டியோ வைத்து விரலால் வளைத்துவிடுவோம். பக்கச் சுவர் நேர் செங்குத்தாகவும் இருக்காது. மண்ணிலிருந்து பேட்டர்னை உருவ வேண்டும் என்பதால் லேசான டேப்பர் கொடுத்திருப்போம். அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். பிளாக்கின் பக்கவாட்டில் வட்ட வட்டமாக அடைப்புத் தட்டுகள் தெரியுமே, அவற்றை அழகுக்கு வைத்ததாக நினைப்பவர்கள் உண்டு. தண்ணீர் ஓடும் உள்வெளியை உண்டாக்க அச்சுக்குள் மண் கோர் வைப்பார்கள். அந்தக் கோரைத் தாங்கவும், வார்த்த பிறகு மண்ணைக் கொட்டி எடுக்கவும் ஓட்டைகள் வேண்டும். அந்த ஓட்டைகளை மூடியவைதான் அந்தத் தட்டுகள். அதனால் அவற்றை வெளியே துருத்திக்கொண்டு ஒட்டக் கூடாது. ஓட்டைக்குள் கொஞ்சம் அமுங்கி உட்கார வேண்டும்.

நான் பிளாக்கைத் தேக்கிலேயே செய்தேன், அசல் பேட்டர்ன் போலவே. பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, சீல் செய்த பிறகு மேல்பரப்பு கண்ணாடி போல் வந்துவிட்டது. வார்ப்பிரும்பு அப்படி இருக்காது. மண்ணின் சொரசொரப்பு அதில் இருக்கும். ஆனால் எட்டில் ஒரு பங்கில் மண் துகளும் எட்டில் ஒரு பங்காக வேண்டும். மணலைத் தூவினால் கூழாங்கல் ஒட்டியது போல் ஆகிவிடும். பெயின்டில் முகப்பவுடரைக் கலந்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி அடித்தேன். ஹெட் உட்காரும் தளம், பம்ப் உட்காரும் தளம் போன்ற மிஷின் செய்த பரப்புகளை மட்டும் மழமழவென்று விட்டேன். கரடும் வழவழப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும்தான் அந்த மரக்கட்டை இரும்பானது.

மேனிஃபோல்டு இன்னொரு பாடம். நாலு சிலிண்டர் என்றால் புகை போக நாலு கிளை இருக்கும் என்று கை தானாக நினைக்கும். இந்த பி சீரிஸ் இன்ஜினில் மூன்றுதான். நடு இரண்டு சிலிண்டருக்கும் ஹெட்டுக்குள்ளேயே ஒரே வாய். உள்ளே மூச்சு இழுக்க இரண்டு வாய், இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக. ஆக ஒரு பக்கத்தில் மொத்தம் ஐந்து வாய். நாலு கிளை வைத்த ஒரு மாடலைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவர் அசலைப் பார்க்கவில்லை என்று அந்த ஒரு குழாயே சொல்லிவிட்டது.

டாப்பெட் கவர், ஆயில் சம்ப், டைமிங் கவர் மூன்றும் தகட்டில் அழுத்தியவை. இங்கே வேறு சிக்கல். அசல் தகடு ஒரு மில்லிமீட்டர் இருந்தால் மாடலில் 0.12 மி.மீ. வேண்டும். கூல்டிரிங்க் டின்னின் சுவர் ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். தேக்கில் ஆண் அச்சு செதுக்கி, டின் தகட்டை அடுப்பில் வாட்டி மெதுவாக்கி, ரப்பர் துண்டை மேலே வைத்து வைஸில் இறுக்கினேன். ஓரத்தில் சுருக்கம் விழும். ஆறு தகடு கிழிந்து ஏழாவதில் வந்தது. டாப்பெட் கவரை இறுக்கிப் பிடிப்பது மேலே இருக்கும் இரண்டு நட்டு மட்டுமே. அதிகம் போட்டால் நன்றாக இருக்கும் என்ற ஆசையில் சுற்றிலும் போல்ட் வைத்துவிடக் கூடாது. நட்டுகளைப் பித்தளைக் கம்பியை அறுகோணமாக அராவி, சீவல் சீவலாக வெட்டி எடுத்தேன். அரை அங்குல ஸ்பானர் பிடிக்கும் நட்டு என்றால் மாடலில் அரை நூல். அதாவது 1.6 மி.மீ.

டைனமோ எனக்குப் பிடித்த பாகம். உருட்டிய இரும்புக் குழல் ஒன்று, இரண்டு முனையிலும் அலுமினிய வார்ப்பு மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நீள போல்ட் இரண்டு. அந்தச் சின்னப் பொருளுக்குள்ளேயே மூன்று விதப் பிறப்பு. குழலைப் பித்தளையில் கடைந்து கருப்படித்தேன். மூடிகளை அலுமினியத்தில் கடைந்து பவுடர் பூச்சு கொடுத்தேன். போல்ட்டுக்கு கிடார் கம்பி. சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை 1960களின் தொடக்கத்திலிருந்து டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் என்று செய்துவந்தது. காரமடை வண்டியின் டைனமோவில் அந்தப் பெயர்த் தகடு இன்னும் இருந்தது. எழுத்தை அந்த அளவில் வெட்ட முடியாது. தகடு மட்டும் வைத்தேன், அது இருக்கும் கோணத்தில்.

குழாய்களுக்கும் ஒயருக்கும் தடிமன்தான் உயிர். கடையில் கிடைக்கும் ஒயரை அப்படியே செருகினால் பிளக் ஒயர் தோட்டத்து ஹோஸ் போல் இருக்கும். அசல் பிளக் ஒயர் 7 மி.மீ.; மாடலில் 0.9. பழைய டெலிபோன் கேபிளைப் பிளந்தால் உறையோடு ஏறக்குறைய அந்த அளவில் கம்பிகள் கிடைக்கும். பிரேக் குழாய் அசலில் ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, மாடலில் 0.6 மி.மீ. 23 நம்பர் ஊசியின் வெளிவிட்டம் 0.64. மருந்துக்கடையில் புது ஊசி வாங்கி, முனையை அராவிவிட்டு, நேராகப் போகும் துண்டுகளுக்கு அதையே வைத்தேன். வளையும் இடத்துக்குச் செம்புக் கம்பி. ரேடியேட்டர் ஹோஸுக்குத் தடித்த ஈயக் கம்பியின் மேல் சுருங்கும் ரப்பர் குழலைப் போட்டுச் சூடு காட்டினேன். ஈயம் உள்ளே இருப்பதால் எப்படி வளைத்தாலும் மடிப்பு விழாது. கிளிப்பும் டின் தகட்டில்தான், 1.2 மி.மீ. அகலக் கீற்று. ரேடியேட்டரின் உள்மடிப்புக்கு இரண்டு எம்3 திருகைப் பக்கத்தில் பக்கத்தில் சுழலவிட்டு நடுவில் மெல்லிய தகட்டைக் கொடுத்தால் அரை மில்லிமீட்டருக்கு ஒரு மடிப்பாக வெளியே வரும்.

இதையெல்லாம் செய்வது பொறுமை இருந்தால் ஆகிற காரியம். எனக்குக் கஷ்டம் என்று தோன்றுவது ஒயர் போகும் வழி. ஒவ்வோர் ஒயரும் எங்கிருந்தோ கிளம்பி எங்கோ போய்ச் சேர வேண்டும். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குத் தடித்தது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் நடுவுக்கு ஒன்று. டைனமோவிலிருந்து கட்அவுட்டுக்கு இரண்டு. லூகாஸ் முறையில் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, சாவி போட்டால் உயிர் வருவது வெள்ளை, அதிலிருந்து பியூஸ் வழியாகப் போவது பச்சை, எர்த் கருப்பு. சிலர் அழகாக இருக்கும் என்று சிவப்பும் மஞ்சளுமாக ஒயரை நெளியவிட்டு, ஓரத்தில் முனையை ஒளித்துவிடுவார்கள். அதை வேலை என்று நான் ஒத்துக்கொள்வதில்லை. மறைகிற இடத்துக்குப் போகும் குழாயானாலும், கண் போகிற தூரத்துக்கு அப்பாலும் அரை அங்குலம் செய்துவைக்க வேண்டும். பார்க்கிறவர் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். எல்லோரும் பார்ப்பார்கள்.

இப்படியெல்லாம் எண்ணியிருந்த நானே ஒரு பெரிய தப்பைச் செய்தேன். நாலு மாதம் ஆகியிருந்தது. இன்ஜினை இறக்கிவைத்து, ஒயர் எல்லாம் கட்டி முடித்து, காரமடைப் பெரியவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். தொடவில்லை. ஆள்காட்டி விரலைக் காற்றில் மட்டும் நகர்த்தினார்.

"ரோட்டரு எந்தப் பக்கம் சுத்துதுங் தம்பி?"

"வலப்பக்கமுங்க. கடிகாரம் மாதிரி."

"இல்லீங். இது எதிர்ப்பக்கம் சுத்தும். ரெண்டும் மூணும் மாறிக் கெடக்குது. ஒண்ணும் நாலும் புடிக்கும், செல்ஃப் அடிச்சா கார்பரேட்டர்ல திருப்பி அடிக்கும்."

இந்த இன்ஜினில் தீப்பொறி விழும் வரிசை ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. அது எனக்குத் தெரியும், அப்படித்தான் கட்டினேன். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும் என்பதைக் கவனிக்கவில்லை. வலமாக எண்ணிக் கட்டிய ஒயர், இடமாகச் சுற்றும்போது ஒன்று, இரண்டு, நாலு, மூன்று என்று ஆகிவிடுகிறது. ஒன்றும் நாலும் தப்பித்தன. நடு இரண்டும் தடம் மாறின. அந்தப் பெரியவர் எட்டில் ஒரு பங்கு இன்ஜினை நோய் பார்த்தது போல் பார்த்துச் சொன்னார்.

அசல் வண்டியில் இது ஒரு நிமிஷ வேலை. இரண்டு ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருகினால் முடிந்தது. என் மாடலில் ஒவ்வோர் ஒயரும் அதனதன் நீளத்துக்கு வெட்டி, அரால்டைட் வைத்து ஒட்டியது. பிடுங்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இரண்டாகப் பிளந்தது. புது மூடிக்கு, மைப்பேனா கடைகிறவர்கள் வாங்கும் எபோனைட் கம்பியை எடுத்தேன். அது பேக்லைட் போலவே மங்கிய கருப்பில் கடையும், பெயின்டே வேண்டாம். முதல் மூடி பித்தளையில் கடைந்து கருப்படித்தது. இரண்டாவதுதான் சரியான பொருள். அவசரத்தில் ஒரு ஒயருக்கு சூப்பர் குளூ வைத்தேன். அதன் ஆவி சுற்றியிருந்த கருப்புப் பரப்பில் வெள்ளையாகப் படிந்தது. அதைத் துடைத்து மறுபடி பூச மூன்று நாள். அதற்குப் பிறகு பெயின்ட் அடித்த பரப்புக்குப் பக்கத்தில் அந்தப் பசையை நான் திறப்பதே இல்லை.

யாருக்கும் தெரியாது, விட்டுவிடலாமே என்று வீட்டில் சொன்னார்கள். தெரிந்த ஒருவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். அதோடு, அந்த அப்பா இருந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

இனி அந்தப் போட்டோ. பெரிதுபடுத்திப் பார்த்தபோது இன்ஜினின் கார்பரேட்டர் பக்கம், கீழே, வெள்ளையாக ஏதோ கட்டியிருப்பது தெரிந்தது. வாடிக்கையாளருக்கு அது என்னவென்று புரியவில்லை. பெரியவருக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஏசி பம்ப்பில் கட்டிய ஈரத்துணி. பெட்ரோல் இழுக்கும் அந்த பம்ப்பை மலைக்காரர்கள் எல்லாம் ஏசி பம்ப் என்றுதான் சொல்வார்கள். கேம் ஷாஃப்ட் அதை இடிக்க வேண்டும் என்பதால் பிளாக்கில் அந்தப் பக்கம்தான் வைக்க முடியும். புகை போகும் மேனிஃபோல்டும் அதே பக்கம், தலைக்கு மேலே. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், குன்னூர் 1,800 சொச்சம். கல்லாறு தாண்டிப் பர்லியார் ஏறும்போது ஒன்றாவது, இரண்டாவது கியரில் மெதுவாக உறுமிக்கொண்டு போகிற வண்டிக்குக் காற்று போதாது. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். பம்ப் ஆவியைத்தான் தள்ளும், கார்பரேட்டர் வறண்டு வண்டி நின்றுவிடும். அதற்கு மருந்து, பம்ப்பின் மேல் ஒரு துணியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுவது. ஊட்டி டிரைவர்கள் மலை ஏறும் முன்னாலேயே கட்டிவிடுவார்களாம்.

அந்தத் துணியைச் செய்ய ஒரு வாரம் ஆனது. பழைய வேட்டியின் நெசவுகூட அந்த அளவுக்கு மிகக் கரடு. பட்டுத்துணியிலும் இழை தெரிந்தது. கடைசியில் ஓவியத்துக்குப் பயன்படும் மெல்லிய ஜப்பான் காகிதத்தைத் தண்ணீரில் கரைத்த பசையில் நனைத்து, பம்ப்பைச் சுற்றி முறுக்கி, காயும் முன் ஊசியால் மடிப்பு எடுத்தேன். ஈரம் தெரிய அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு கை வார்னிஷ். கட்டியிருந்தது சைக்கிள் டியூப் கீற்று என்று பெரியவர் சொன்னார். கயிறு அல்ல, டியூப்தான் கட்டுவார்களாம். கையுறை ரப்பரை வெட்டிக் கட்டினேன்.

அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதெல்லாம் பழைய வண்டி மாடல் என்றாலே துருவும் எண்ணெயும் வழிய வழியப் பூசுகிறார்கள். வாடிக்கையாளரிடம் ஒன்று கேட்டேன்: அப்பா வண்டியைத் துடைப்பாரா? "தெனமுங்க. காலைல டீக்கு முன்னால துணியெடுத்துருவாரு" என்றார். அதனால் துணி எட்டுகிற இடமெல்லாம் சுத்தம். டாப்பெட் கவர் மேல் பளபளப்பு, ரேடியேட்டரின் மேல்தொட்டியிலும் அப்படியே. டாப்பெட் கவரின் கேஸ்கெட்டிலிருந்து கசிந்த ஆயில் பின்பக்கமாக இறங்கி, தூசியோடு சேர்ந்து கட்டியாகும் இடம் ஒன்று உண்டு, இன்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே. கை நுழையாத இடம். அங்கே மட்டும் அழுக்கு வைத்தேன். மேனிஃபோல்டு பெயின்ட் நிற்காத இரும்பு. அதற்குப் பழுப்பும் சாம்பலும் கலந்த பொடி. ரேடியேட்டர் மூடிக்குக் கீழே உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கோடு ஒன்று. போதும். முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியவர் கையை விட்டுப் பார்க்கச் சொன்னது இதற்கும் உதவியது.

விட்டவையும் உண்டு. செல்ஃப் மோட்டாரின் அடிப்பாகம் எந்தக் கோணத்திலும் தெரியாது, அதை வெறும் உருளையாக விட்டேன். கார்பரேட்டரின் உள்ளே எதுவும் இல்லை. ஃபைபர் பேனட் மூன்று மில்லிமீட்டர் கனம், அசல் கணக்கில் அது ஓர் அங்குலத் தகடு. திறந்தால் பலகை போல் தெரியும். அதை ஓரத்தில் மட்டும் உள்பக்கமாகச் சீவி மெலிதாகக் காட்டினேன். முழுதும் சீவினால் உடையும்.

வேலை ஐந்தரை மாதத்தில் முடிந்தது. வாடிக்கையாளர் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பேனட்டைத் திறந்ததும் குனிந்து, "துணி கட்டியிருக்குது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. காரமடை ஷெட்டில் நின்ற வண்டியும் இப்போது இல்லை, எடைக்குப் போய்விட்டது. என் நோட்டில் உள்ள அளவுகள்தான் அதில் மிச்சம். உங்கள் வீட்டிலோ உறவிலோ பழைய வண்டி நின்றால், அது அம்பாசடரோ பத்மினியோ ஸ்டாண்டர்டோ, எடைக்குப் போடும் முன் ஒருநாள் பேனட்டைத் திறங்கள். முன்னால் நின்று எடுத்த ஒரு படம் போதாது. இரண்டு பக்கத்திலிருந்தும், மேலிருந்தும், மேனிஃபோல்டுக்குக் கீழே கேமராவை விட்டும் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு டேப்போ ஸ்கேலோ தெரியட்டும். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எந்த ஒயர் எந்தப் பிளக்குக்குப் போகிறது என்று தனியாக ஒரு படம். எங்காவது துணியோ டியூபோ கயிறோ கட்டியிருந்தால் அதை அவிழ்க்காமல் எடுங்கள்.